பரணில் கிடக்கும் இலவச டிவியை எடைக்குப் போடாதீர்கள்

பழைய தஞ்சை ஜில்லாவில் பல வீட்டுப் பரணில் இன்னமும் ஒரு 14 அங்குலக் கலர் டிவி தூசு படிந்து கிடக்கிறது. 2006-ல் கலைஞர் ஆட்சியில் கொடுக்கத் தொடங்கிய இலவச டிவிதான். பழைய இரும்புக்காரர் எப்போது வருவார் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்சம் பொறுங்கள். அதற்குத் தேவை இருக்கிறது.

ஒரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ரிட்டயர்டு ஆன பிறகும் பையன்கள் தேடி வருகிறார்கள். சமீப காலமாக அவர்களுக்கு ஒரு புதுப் பித்து. 1975-ல் வந்த 6502, 1976-ல் வந்த இசட்80 ஆகிய பழைய சிப்புகளை வைத்துத் தாங்களே கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். பென் ஈட்டர் என்கிற அமெரிக்கரின் வீடியோக்களைப் பார்த்து பிரெட்போர்டில் வயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய இசட்80-யின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2024-ல் ஸைலாக் கம்பெனி அறிவித்தது. ஆசை மட்டும் நிற்கவில்லை. நல்ல பித்துதான்.

ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சிப் ஓடுகிறது, விளக்கு மினுங்குகிறது, திரையில் மட்டும் படம் நிற்காது. "சார், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பார்கள். கெட்டது கம்ப்யூட்டர் அல்ல, ஸிங்க்.

இது நம் தலைமுறைக்குத் தெரிந்த வியாதிதான். 1982-ல் ரூபவாகினி வந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம் கம்பத்தை உயர்த்தி ஆண்டெனா கட்டினோம். படம் மேலே மேலே ஓடும். "பின்னாடி ஹோல்டைத் திருகுடா" என்று ஒரு குரல் வரும். டயனோராவோ சாலிடேரோ, எந்தப் பெட்டியானாலும் வைத்தியம் அதுதான்.

திரையில் படம் வருவது ஒற்றை ஆள் நடவு மாதிரி. ஒரு வரிசையை இடமிருந்து வலமாக நட்டு முடித்ததும், "வரப்பு வந்தாச்சு, அடுத்த வரிசைக்குத் திரும்பு" என்று சொல்ல ஒரு சிறு துடிப்பு வர வேண்டும். வயல் முழுக்க முடிந்ததும், "மறுபடி தலைமாட்டுக்கு வா" என்று இன்னொரு நீண்ட துடிப்பு. நம் நாட்டு முறையில் மொத்தம் 625 வரிசை. ஒரு வரிசைக்கு 64 மைக்ரோசெகண்டு, அதில் ஏறக்குறைய 4.7 மைக்ரோசெகண்டு துடிப்புக்கு. விநாடிக்கு 15,625 வரிசை. அரைப் படமாக விநாடிக்கு 50 தடவை. இந்தக் கணக்குத் தப்பினால் நாற்று வரப்பில்தான் விழும்.

கோளாறு எங்கே என்பதைப் படமே சொல்லிவிடும்.

படம் மேலும் கீழும் ஓடினால், வயல் முடிந்த துடிப்பில் தப்பு. அமெரிக்க வரைபடத்தை அப்படியே பார்த்துக் கட்டியிருப்பார்கள். அங்கே 525 வரிசை, 60 தடவை. நமக்கு ஏற்றபடி அரைப் படத்துக்கு 312 வரிசை என்று எண்ண வைத்தால் நின்றுவிடும்.

படம் சாய்ந்த பட்டை பட்டையாகக் கிழிந்தால், வரிசைத் துடிப்பின் வேகத்தில் தப்பு. 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 512-ஆல் வகுத்தால் சரியாக 15,625 வரும். கிரிஸ்டலின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, வகுத்துப் பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

மேல் ஓரம் மட்டும் கொடி போல வளைந்தால், நீண்ட துடிப்பின்போது வரிசைத் துடிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்திலும் அது நடுநடுவே வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளை எழுத்து நிறைய வரும்போது மட்டும் படம் துள்ளினால், அளவில் தப்பு. ஸிங்க் 0 வோல்ட், கறுப்பு 0.3, வெள்ளை 1 வோல்ட். சிப்பிலிருந்து வரும் 5 வோல்ட்டை ரெசிஸ்டர் போடாமல் நேராக விட்டால் டிவி திணறும்.

படம் சுருங்கினால் அது ஸிங்க் அல்ல. சாயங்காலம் பம்ப்செட் எல்லாம் ஓடும்போது லோ வோல்டேஜில் படம் சுருங்கியதை நாம் பார்த்ததில்லையா? பவர் சப்ளையைப் பாருங்கள்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். இதே கம்ப்யூட்டரைப் புது மானிட்டரில் சொருகினால் என்ன ஆகும்? சாதாரண விஜிஏ மானிட்டர் விநாடிக்குச் சுமார் 31,500 வரிசையை எதிர்பார்க்கும். பாதி வேகத்தில் கொடுத்தால் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். எல்சிடி டிவியிலும் பல "நோ சிக்னல்" என்பதோடு சரி. எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு, ஒன்றும் சொல்லாது. படக்குழாய் டிவி அப்படியல்ல. தப்பான சிக்னலையும் முடிந்தவரை காட்டப் பார்க்கும். ஓடும், கிழியும், வளையும். கற்றுக்கொள்கிறவனுக்கு வேண்டியது அதுதான். விடைத்தாளில் வெறும் பூஜ்யம் போடுகிற வாத்தியாரை விட, எந்த வரியில் தப்பு என்று சிவப்பு மையால் சுழிக்கிற வாத்தியார் மேல் இல்லையா?

"எல்லாம் ஸிமுலேட்டரில் பார்க்கலாமே சார்" என்கிறார்கள் இளைய ஆசிரியர்கள். பார்க்கலாம். ஆனால் ஸிமுலேட்டரில் கிரவுண்டு வயர் கழன்றுகொள்ளாது, கபாசிட்டர் காயாது. 1984-ல் மத்திய அரசு கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. அதில் படத்தை மேலே கீழே நகர்த்துவதற்கென்றே 'டிவி' என்று ஒரு கட்டளை உண்டு. திரை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்பதை அந்தக் காலத்து இயந்திரமே ஒப்புக்கொண்டிருந்தது.

இன்னொரு வாதம், படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது என்பது. உண்மை. அதனால்தான் அதை வாய்க்கால் ஓரத்தில் உடைத்துப் போடக் கூடாது என்கிறேன். நல்ல நிலையில் இருப்பதை வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். செத்ததை மின்கழிவு வாங்குபவரிடம் முறையாகக் கொடுக்கட்டும்.

ஆகவே ஒவ்வொரு பாலிடெக்னிக் லேபிலும், முடிந்தால் அரசு மேல்நிலைப் பள்ளியிலும், ஓடுகிற படக்குழாய் டிவி ஒன்றாவது இருக்க வேண்டும். செலவே இல்லை, ஊரார் பரணில் கிடக்கிறது. தூக்கிக் கொடுக்க மனசுதான் வேண்டும்.

கொடுக்கும் முன் மூன்று விஷயம். மஞ்சள் நிற ஏவி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குப் பதில் நீலத் திரை வந்தால், மெனுவில் 'ப்ளூ பேக்' இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள், ஓடுகிற படம் தெரியும். மூன்றாவது முக்கியம்: பின்மூடியைப் பையன்கள் திறக்கக் கூடாது. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் தங்கியிருக்கும். அந்த வேலையை உங்கள் தெருவில் மிச்சமிருக்கும் டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள். அவருக்கும் ஒரு நாள் கௌரவம் கிடைக்கட்டும். அப்படியே, ஹோல்டு என்றால் என்ன என்று அந்தப் பையன்களுக்கு அவர் வாயாலேயே சொல்லட்டும். அவரும் கடையை மூடிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?