சனி ஞாயிறு ஊருக்கு வரும் மகனுக்கு இரண்டு தேனீப் பெட்டி

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, சென்னை, பெங்களூரு கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை பார்க்கும் கிராமத்துப் பிள்ளைகள் பலர் லேப்டாப்புடன் ஊர் திரும்பினர். பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதைப் பெற்றோர் நேரில் கண்டது அப்போதுதான். காலையில் திண்ணையில் உட்கார்ந்தவன் இரவு பத்து மணிக்கும் அமெரிக்காக்காரருடன் பேசிக்கொண்டிருந்தான். வெயிலில் நிற்காத வேலைதான். ஆனால் பொழுது சாய்ந்தாலும் கரையேற முடியாத வேலை என்பது பல தகப்பனாருக்கு அன்று புரிந்தது.

புரோகிராம் எழுதுபவரின் களைப்பு வேறு வகையானது. வயலில் நட்ட நாற்று மறுநாள் கண்ணில் படும். அறுத்த நெல் களத்தில் குவியலாகக் கிடக்கும். இவர்கள் ஆறு மாதம் எழுதியதோ நிறுவனத்தின் ஒரு முடிவால் ஒரே நாளில் கைவிடப்படலாம். ஓய்விலும் அதே திரையில் படமும் விளையாட்டும் பார்த்தால் மனதுக்கு மாற்றம் ஏது? கம்ப்யூட்டர் துறையின் பெரும் அறிஞரான டொனால்ட் குனுத், தம் வீட்டிலேயே பைப் ஆர்கன் என்ற குழல் இசைக்கருவியை அமைத்து வாசித்து வருபவர். 1990 முதல் மின்னஞ்சல் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டவர். அவர் இயற்றிய ஆர்கன் இசை, 2018இல் அவருடைய 80ஆம் பிறந்த நாளன்று சுவீடன் நாட்டில் அரங்கேறியது. தொழிலில் உச்சிக்குச் சென்றவருக்கே கைக்கு வேறு வேலை தேவைப்பட்டது.

நம் பிள்ளைகளில் சிலர் விடுமுறைக்கு வரும்போது தோட்டத்தில் இறங்க விரும்புகின்றனர். இங்கேதான் சிறு விவசாயிகள் தவறு செய்கின்றனர். "மம்பட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று தடுப்போர் ஒரு சாரார். கடன் அடைத்துப் படிக்க வைத்தவரின் வேதனை அது, குறை சொல்வதற்கில்லை. மறு சாராரோ, ஆசைப்படுகிறானே என்று ஒரு ஏக்கரை ஒப்படைத்துவிடுகின்றனர். அவன் சம்பளப் பணத்தில் கறவை மாடு வாங்குகிறான். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நாள்தோறும் இருவேளை பால் கறந்தாக வேண்டும். பாரம் தாயார் தலையில் விழுகிறது. பொழுதுபோக்கு குடும்பச் சண்டையாக முடிகிறது.

வாரம் ஒரு முறை வருபவருக்கு வாரம் ஒரு முறை கவனித்தால் போதுமான வேலையே ஏற்றது. அவ்வகையில் தேனீ வளர்ப்புக்கு இணை குறைவு. இந்தியத் தேனீப் பெட்டியை ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். ராணி முட்டையிடுகிறதா, புதிய ராணி அறைகள் கட்டப்பட்டுள்ளனவா, அடிப்பலகையில் மெழுகுப்பூச்சியின் புழு உள்ளதா எனக் கவனிக்க வேண்டும். சட்டத்தை மெதுவாகத் தூக்க வேண்டும், பதறினால் கொட்டும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை எனலாம். பிழை தேடிப் பழகிய கண் என்பதால் கூட்டின் குறையையும் விரைவில் கண்டுகொள்வர். பெண்பிள்ளைகளும் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் பெட்டி வைத்ததும் தகப்பனாருக்கும் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. பூத்த பயிரில் காலையில் மருந்தடிக்கும் பழக்கத்தை அவர் விட வேண்டியிருக்கும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் தேனீக்களைக் கொல்லக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அதன் உபயோகத்தைத் தடை செய்தது. பூக்கும் தருணத்தில் மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க இயலாதபோது தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கலாம். "உன் விளையாட்டுக்காக என் பயிரை விடுவதா?" என்று கேட்கத் தோன்றும். பூசணி, பாகல், சூரியகாந்தி, கொத்தமல்லி ஆகியவற்றில் காய்ப்பும் மணிபிடிப்பும் தேனீ வருகையால் கூடும் என்பதை அவர் நினைவிற்கொள்ள வேண்டும். மகனும் முன்கூட்டியே தகப்பனாரைக் கலந்து பேசிய பிறகே பெட்டி வாங்க வேண்டும். நிலம் அவருடையது, அந்த ஆண்டுச் சாப்பாடும் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. "இதில் எத்தனை ரூபாய் வரும்?" என்ற கேள்வியை ஓராண்டுக்காவது கேட்காமல் இருப்பது நலம். வருமானக் கணக்கு நுழைந்தால் இதுவும் ஆபீஸ் வேலையாகிவிடும். இரண்டு பெட்டி நன்றாக வந்ததும் வேலையை உதறிவிட்டு ஐம்பது பெட்டி வைக்கத் துடிக்கும் இளைஞரைத் தடுக்கும் பொறுப்பும் பெற்றோருக்கு உண்டு. மார்த்தாண்டம் பகுதியில் தேனை நம்பிப் பிழைப்பவர்கள் பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளைச் சுமந்து செல்பவர்கள். அது வேறு வாழ்க்கை.

மழைக்காலம் கழிந்து பூக்கள் மிகும் தை, மாசியில் தொடங்கலாம். அனுபவமுள்ளவரிடமிருந்து ராணியுள்ள கூட்டத்தையே வாங்க வேண்டும். நிழலும் அருகில் தண்ணீரும் உள்ள, ஆள் நடமாட்டமும் மாட்டுக்கட்டும் இல்லாத இடம் ஏற்றது. பூ இல்லாக் காலத்தில் சர்க்கரைப்பாகு வைக்க வேண்டும். முதல் ஆண்டு தேனுக்கு அவசரப்படக் கூடாது. எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். வாரநாட்களில் அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது மட்டும் ஊரில் இருப்பவர் வேலை.