பேராசை என்னும் பழி

தொலைபேசி மோசடியில் பணம் பறிகொடுத்தவனைப் 'பேராசைக்காரன்' என்று பழிக்கும் கனவான்கள் மலிந்துவிட்டனர். 2022இல் நாடே கடனிறுக்க இயலாது கைவிரித்தபோது, உழைப்பவனின் சேமிப்பை விலைவாசி விழுங்கிற்று. 'வீட்டிலிருந்தே வருமானம்' என்ற அழைப்பை அவன் நம்பியது பேராசையாலா, அடுப்பெரியாமையாலா? முதலில் சில நூறு ரூபா கொடுத்து நம்பவைத்து, பின்னர் 'முற்பணம்' என்று ஆயிரமாயிரமாகக் கறப்பதே இவர்தம் தந்திரம். வேலை தருபவன் தொழிலாளியிடம் பணம் கேட்பானா? வங்கி தன் வாடிக்கையாளனின் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் கேட்குமா? இவ்விரு வினாக்களையும் முன்கூட்டியே அவனிடம் சொல்ல எழாத நா, தீர்ப்புக்கு மட்டும் எழுகின்றது!

மறுமுனையில் பேசுபவனும் பலவேளைகளில் அடிமையே. மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இத்தொழிலில் வலிந்து பிணிக்கப்பட்டிருக்கலாமென 2023இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. வேலை தேடிச் சென்ற இலங்கை இளைஞரும் அங்கே சிக்கினர். அவர்களும் பேராசைக்காரர்தாமா, கனவான்களே?