திரையில் 4.5 வோல்ட், கையில் 0.75 வோல்ட்

கிள்ளானில் நான்காம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஓர் எச்சரிக்கை மணி செய்தார். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை இரண்டு, சிறிய பஸ்ஸர் ஒன்று. பஸ்ஸருக்கு 4.5 வோல்ட் போதும். ஆகவே இரண்டு மின்தடைகளையும் தொடராக இணைத்து, நடுவிலிருந்து மின்னழுத்தத்தை எடுக்கத் திட்டமிட்டார். முதலில் கணினியில் பாவனை மென்பொருளில் வரைந்து பார்த்தார். திரையில் இருந்த மீட்டர் 4.50 என்று காட்டியது. அதையே பிரெட்போர்டில் அடுக்கினார். பஸ்ஸரிலிருந்து சத்தமே இல்லை. மின்கலம் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினார். அப்போதும் சத்தமில்லை. "மென்பொருள் பொய் சொல்லிவிட்டது, சார்" என்றார்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. திரையில் அவர் பஸ்ஸரை வரையவே இல்லை.

அந்தப் பஸ்ஸரைச் சுமார் 1 கிலோ ஓம் மின்தடையாகக் கருதலாம். கீழே உள்ள 10 கிலோ ஓமுக்குப் பக்க இணைப்பில் அது சேர்ந்ததும், இரண்டின் கூட்டுமதிப்பு 909 ஓம் ஆகிவிடுகிறது. இப்போது 9 வோல்ட்டில் அந்தப் பகுதிக்குக் கிடைப்பது 9 × 909 ÷ 10,909. அதாவது 0.75 வோல்ட் மட்டுமே. அந்த அழுத்தத்தில் பஸ்ஸர் எப்படி ஒலிக்கும்? கேட்ட கேள்விக்கு மென்பொருள் சரியாகத்தான் பதில் சொன்னது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் மாணவி கேட்கவில்லை.

மின்சுற்றுப் பாவனை மென்பொருளைப் பற்றி இருவகைக் கருத்துகளை அடிக்கடி கேட்கிறேன். "கையால் செய்து பழகாமல் திரையைப் பார்த்து என்ன பயன்?" என்பது ஒன்று. "திரையிலேயே எல்லாம் தெரிகிறதே, பொருள் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் எண்ணம்.

இந்த மென்பொருள் ஏன் பிறந்தது என்று பார்ப்போம். ஒரு சில்லுக்குள் டிரான்சிஸ்டர்களைப் பதித்த பிறகு, ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. பிழை இருந்தால் சில்லு முழுவதும் வீண். எனவே செய்வதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கும் வழி தேவைப்பட்டது. அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் 1973இல் வெளியிட்ட 'ஸ்பைஸ்' என்ற நிரல் அந்தத் தேவைக்காகவே எழுதப்பட்டது. பெடர்சன் அதைப் பூட்டி வைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தார். இன்று பொறியாளர்கள் பயன்படுத்தும் பல மென்பொருள்கள் அதன் வழிவந்தவை.

உள்ளே நடப்பது மந்திரமில்லை. கம்பிகள் சேரும் ஒவ்வொரு சந்தியிலும், உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். இது கிர்ச்சாஃப் 1845இல் சொன்ன விதி. சந்திக்கு ஒரு சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்ப்பதுதான் கணினியின் வேலை. நீங்கள் கணிதப் பாடத்தில் தீர்க்கும் ஒருங்கமை சமன்பாடுகளின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், அந்தக் கணினி உலகம் மிகச் சுத்தமானது. அங்கே 9 வோல்ட் மின்கலம் எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் 9 வோல்ட்டே தரும். உண்மை மின்கலத்துக்கு உள்தடை உண்டு. உள்தடை 2 ஓம் என்று வைத்து, 9 ஓம் சுமையை இணைத்தால், சுமைக்குச் சுமார் 7.4 வோல்ட்தான் கிடைக்கும். இன்னொரு வேடிக்கை: இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறிமாறி எல்.இ.டி.யை மின்ன வைக்கும் சுற்றைத் திரையில் வரைந்தால், சில சமயம் அது மின்னவே மின்னாது. இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதால், எது முதலில் இயங்குவது என்று முடிவாகாமல் இரண்டும் சமநிலையில் நின்றுவிடும். பிரெட்போர்டிலோ, எந்த இரு டிரான்சிஸ்டரும் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சிறு குறைதான் சுற்றைத் தொடங்கி வைக்கிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1972இல் இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கிய காலம் முதல், சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் நம் நாடு பெயர் பெற்றது. நம் குடும்பங்களிலும் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். இப்போது நாடு வடிவமைப்புக்கு நகர விரும்புகிறது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கத் திட்டமிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிலாங்கூர், பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா தொடங்கப்பட்டது. கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் அது எட்டாத தூரமில்லை. அங்கே முதல் நாளிலிருந்தே கையில் இருக்கப்போவது பாவனை மென்பொருள்தான். அந்த இடங்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டுமானால், பல்கலைக்கழகம் வரை காத்திருக்கக் கூடாது. ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்னணுவியல் ஓர் அத்தியாயமாகவே இருக்கிறது. அங்கேயே தொடங்கலாம்.

பணம் தடையில்லை. டிங்கர்கேட், ஃபால்ஸ்டாட் இரண்டும் இணைய உலாவியிலேயே இலவசமாக இயங்கும். டிங்கர்கேடில் மின்தடை இல்லாமல் எல்.இ.டி.யை மின்கலத்தோடு இணைத்துப் பாருங்கள். அது வெடிப்பதுபோல் காட்டும். அந்தத் தவற்றுக்கு ஒரு சென்கூடச் செலவில்லை. அடுத்த படிக்கு எல்டிஸ்பைஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். மும்பை ஐ.ஐ.டி. 'ஈசிம்' என்ற திறந்த மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பல மென்பொருள்களுக்கான காணொளிப் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் இருவர் இருவராக அமர்ந்து செய்யலாம்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு மின்சுற்றுக்கும் நோட்டில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: கணக்கிட்டது, திரையில் கண்டது, மல்டிமீட்டரில் அளந்தது. கணக்குக் கட்டத்தை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நிரப்புங்கள். மூன்றாவதற்கான மின்தடைகள் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் சில சென்னுக்குக் கிடைக்கும். வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட்டை மட்டும் தொடாதீர்கள், மின்கலமே போதும். ஆசிரியர்களும் கண்காட்சி நடுவர்களும் அழகான திரைப்படத்துக்கு மதிப்பெண் போடாமல், "இந்த மூன்று எண்களும் ஏன் வேறுபடுகின்றன?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவரே மின்சுற்றைப் புரிந்துகொண்டவர்.

கிள்ளான் மாணவி மீண்டும் உட்கார்ந்தார். கீழே இருந்த மின்தடையை நீக்கி, மேலே 10 கிலோ ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் போட்டார். இம்முறை பஸ்ஸரையும் வரைந்தார். கணக்கில் 4.5, திரையில் 4.5, மல்டிமீட்டரில் 4.3. பஸ்ஸர் ஒலித்தது. அவரோ மணியை அணைத்துவிட்டு, "மீதி 0.2 எங்கே போனது, சார்?" என்று கேட்டார். மின்கலத்தை அளந்து பார்க்கச் சொன்னேன். அதில் 8.7 வோல்ட்தான் இருந்தது.