வளையும் இறக்கையை நம்பலாமா?

உறுதி என்றால் விறைப்பு என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் வெள்ளத்தில் பெருமரம் வேரோடு சாய, நாணல் தலைவணங்கிப் பின் நிமிர்வதையும் நாம் அறிவோம். இன்றைய விமானப் பொறியியல் நாணலின் பக்கம் சாய்ந்து வருகிறது. அது சரிதானா, எந்த எல்லைவரை சரி என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஆராய விரும்புகிறேன்.

இறக்கை ஏன் வளைய வேண்டும்? நீண்டு குறுகிய இறக்கை காற்றின் இழுவையைக் குறைக்கும், எரிபொருள் மிச்சமாகும். அத்தகைய இறக்கையை விறைப்பாகச் செய்யப் புகுந்தால் எடை கூடி, வந்த இலாபம் போய்விடும். எடையைக் குறைத்தாலோ இறக்கை வளையும், முறுகும்.

வளைவதால் மட்டும் கேடில்லை. கேடு 'ஃபிளட்டர்' எனப்படும் படபடப்பால் வருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வளைவும் முறுக்கும் கைகோத்துக்கொள்ள, ஒவ்வோர் அலைவிலும் காற்று இறக்கைக்கு ஆற்றலை ஊட்டுகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் காணும் ஒத்ததிர்வுக்கு வெளியிலிருந்து தாளம் தப்பாமல் தட்டும் விசை வேண்டும். படபடப்புக்கோ சீராக வீசும் காற்றே போதும். தாளத்தை இறக்கையே போட்டுக்கொள்ளும். சில நொடிகளில் இறக்கை முறியலாம். அமெரிக்காவில் 1959-இலும் 1960-இலும் இரண்டு லாக்ஹீட் எலக்ட்ரா விமானங்கள் இவ்வகை அதிர்வால் இறக்கை முறிந்து விழுந்தன. இறந்தோர் 34 பேரும் 63 பேரும். எஞ்சின் தாங்கிகளை வலுப்படுத்தி அக்குறையை நீக்கினர்.

உலோகத்தைக் கூட்டாமல் அறிவைக் கூட்டுவது மற்றொரு வழி. இறக்கையின் அசைவை உணர்கருவிகள் அளக்கும். கணிப்பொறி நொடிப்பொழுதில் கணக்கிடும். பின்விளிம்பிலுள்ள ஏலரான் என்னும் மடல்கள் அசைந்து அதிர்வை அடக்கும். 1973-இல் ஒரு பி-52 விமானம் தன் படபடப்பு வேகத்தைவிட 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், அதிக வேகத்தில் இம்முறையால் பறந்து காட்டியது. லாக்ஹீட் டிரைஸ்டார்-500 பயணி விமானத்தில், ஏலரான்கள் தாமே அசைந்து சுமையைக் குறைத்ததால், இறக்கையின் மொத்த நீளத்தை 9 அடி கூட்ட முடிந்தது.

இவ்வெற்றிகளைக் கண்டு மயங்கிவிடலாகாது. 1980 ஜூன் 12 அன்று நாசாவின் ஆளில்லா ஆய்வு விமானம் ஒன்று படபடப்பால் இறக்கை முறிந்து விழுந்தது. அதிர்வை அடக்க வேண்டிய அமைப்பின் பெருக்கம், இருக்க வேண்டிய அளவில் பாதியாக அமைக்கப்பட்டிருந்ததே காரணம். 2003 ஜூன் 26 அன்று, 75 மீட்டர் இறக்கை கொண்ட ஹீலியோஸ் என்னும் ஆளில்லா விமானம் காற்றுக் கொந்தளிப்பில் மிகுதியாக வளைந்து, அலைவு பெருகி, ஹவாய்த் தீவுகளுக்கு அருகே பசிபிக் கடலில் நொறுங்கி விழுந்தது. அதன் நடத்தையைக் கணித்த முறைகள் போதவில்லை என்று விசாரணை கூறியது.

"எஃப்-16 போன்ற விமானங்கள் கணிப்பொறி இல்லாமல் நிலையாகப் பறக்கவே இயலாது, அதை நம்பும்போது இதை நம்பினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கணிப்பொறி பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் கணக்கே பிழையானால் நான்கு கணிப்பொறிகளும் ஒருசேரப் பிழை செய்யும். வளையும் இறக்கையின் கணக்கோ மிகக் கடினம். எரிபொருள் தீரத் தீர அதன் அதிர்வெண் மாறும். வேகமும் உயரமும் மாற, காற்றின் விசையும் மாறும்.

எனவே என் கருத்து இது. சுமையைக் குறைக்கவும் பயணிகளின் குலுக்கலைத் தணிக்கவும் இம்முறையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அங்கே கருவி பழுதானால் விமானி வேகத்தைக் குறைத்துப் பத்திரமாக இறங்க வழியுண்டு. படபடப்பு வேகத்தையே தாண்டிப் பறக்கும் துணிச்சல் மட்டும் இப்போதைக்கு ஆளில்லா விமானங்களோடு நிற்கட்டும். பயணி விமானத்தின் வடிவமைப்பு வேக வரம்புக்கு மேலும் 15 விழுக்காடு வரை படபடப்பு வரலாகாது என்பது விதி. அந்த இடைவெளியைக் கணிப்பொறியின் துணிவில் மட்டும் நிரப்பக் கூடாது. கட்டமைப்பின் இயல்பான வலுவும் அதில் பங்கேற்க வேண்டும்.

இது முன்னேற்றத்திற்குத் தடை போடும் வாதமன்று. எரிபொருளை மிச்சப்படுத்தும் இறக்கை இவ்வுலகிற்குத் தேவை. அதற்காகவே அதன் கணக்கு திருத்தமாக வேண்டும் என்கிறேன். தடையுறு அலைவு பற்றிய சமன்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் நண்பர்களே, அதிலுள்ள தடை உறுப்பின் குறி மாறினால் அலைவு தணியாமல் பெருகும். ஒரு விமானத்தின் விதி அந்தக் குறியில் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்து படிப்போம்.