கேள்விக்குறிகளாகிப் போன நான்கு ஆண்டுகள்

மூன்று இரவுகளை ஒரு மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக் கழித்தேன். கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் இருந்தவனுக்கு இது ஏன் என்று வீட்டிலும் கேட்டார்கள். பத்திரிகையில் வந்தவையும் என் பழைய இணையத்தளத்தில் வந்தவையுமான எழுத்துகளை ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும்படி சேர்த்துவைக்க வேண்டும் என்பதே என் ஆசை. பிறருக்குப் பணம் கொடுத்துச் செய்விக்கலாம்தான். ஆனால் முன்னர் ஒருமுறை அப்படிச் செய்வித்ததன் பலனை இந்த மூன்று இரவுகளின் முடிவில்தான் அறிந்துகொண்டேன்.

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன், "மாமா, ஜாங்கோவைப் போட்டுப் பாருங்கோ. அது உங்கட ஆக்கள் செய்ததுதான்" என்றான். வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மைதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் ஒன்றில், அட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் 2003இல் தொடங்கிய வேலை அது. 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிற்றார் கலைஞருடையது. கெடு நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய ஆசிரியபீடத்தில் பிறந்த கருவி என்று அறிந்ததும் எனக்கு அதன்மீது ஓர் உறவு உண்டாகிவிட்டது.

ஜாங்கோவை நிறுவுவது கடினமாக இருக்கவில்லை. அதைத் தரவுத்தளத்தோடு இணைப்பதில்தான் வில்லங்கம் தொடங்கியது. ஜாங்கோ தன்னோடு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டே வருகிறது. அதற்கு எந்த அமைப்பும் தேவையில்லை. ஒரேயொரு கோப்புதான். ஆனால் என் பழைய தளத்தின் காப்புப் பிரதி மைஎஸ்க்யூஎல் வடிவில் இருந்தது. ஆகவே அதையே நிறுவினேன்.

முதல் இரவில், மைஎஸ்க்யூஎல்லோடு பேசுவதற்கான பைதான் துணைநிரல் இல்லை என்றது ஜாங்கோ. அந்தத் துணைநிரலை நிறுவப் போனால், அதைக் கட்டுவதற்கு வேண்டிய வேறு கோப்புகள் இல்லை என்றது கணினி. திரை நிறைய ஆங்கில வரிகள் ஓடின. நான் மேலிருந்து வாசித்து வாசித்துக் களைத்தேன். "கடைசி வரியை முதலில் பாருங்கோ மாமா" என்றான் மருமகன். செய்தி எழுதும்போது முக்கியமானதை முதல் பந்தியில் வைக்கப் பழகியவர்கள் நாம். ஜாங்கோவின் பிழைச் செய்தி அதற்கு நேர்மாறு. காரணம் அடியில் கிடக்கும். மேலே இருப்பது அது நடந்துவந்த பாதை.

இரண்டாம் இரவில், அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் தலைமைப் பயனர் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை என்பதும், கணினியின் நிர்வாகியாக வருபவரை மட்டுமே அது உள்ளே விடும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. நிர்வாகியாக உள்ளே சென்று, இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, உரிமை கொடுத்து, அவருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் ஜாங்கோவின் அமைப்புக் கோப்பில் எழுதியதும் கதவு திறந்தது.

மூன்றாம் இரவில்தான் உண்மையான கதை. காப்புப் பிரதியை ஏற்றினேன். புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்க்கப் பார்த்தபோது, சரியற்ற எழுத்துத்தொடர் என்று சொல்லி வேலை நின்றது. பழைய அட்டவணைகள் லத்தீன்1 என்ற எழுத்துக்குறிமுறையில் அமைந்திருந்தன. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. அப்படியானால் முன்னர் ஏற்றியவை என்னவாயின? திறந்து பார்த்தேன். கட்டுரைகள் இருந்தன. பந்திகள் இருந்தன. எழுத்துகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் இருந்தன.

இதன் காரணத்தைத் தமிழர்கள் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. 2002இல் என் தளத்தைப் பாமினி எழுத்துருவில் தொடங்கினேன். 2005இல் ஒருங்குறிக்கு மாறினேன். 2009இன் கடைசியில் தளத்தை வேறொரு வாடகைச் சேவையகத்துக்கு மாற்றுவித்தேன். அங்கே அட்டவணைகள் லத்தீன்1 ஆக அமைக்கப்பட்டன. அக்கால மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான அமைப்பு அதுவே. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது மாறியது. தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் வேலையை நிறுத்தும் பழக்கமும் அதற்கு அன்று இல்லை. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். 'அம்மா' என்று எழுதினால் ஐந்து கேள்விக்குறிகள். நமக்கு மூன்று எழுத்துகளாகத் தெரிவது ஒருங்குறியில் ஐந்து குறிகள். அந்த ஐந்து கேள்விக்குறிகளிலிருந்து 'அம்மா'வை உலகின் எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

இதில் ஒரு வினோதமும் உண்டு. 2002 முதல் 2005 வரையான பாமினிக் கட்டுரைகள் அப்படியே தப்பியிருந்தன. பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். பழைய முறை என்று நாம் கைவிட்டது பிழைத்துக்கொண்டது. முறையாக ஒருங்குறியில் எழுதியவை அழிந்தன. அந்த நான்கு ஆண்டுகள் எவை என்று ஈழத்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 முதல் 2009 வரை, பத்திரிகையில் இடம் கிடைக்காத மனிதர்களின் கதைகளை அந்தத் தளத்தில்தான் எழுதிவந்தேன். போர் முடிந்த பின் எழுத மனமின்றித் தளத்தை மூடினேன். இறுவட்டில் பத்திரமாக இருக்கிறது என்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தேன். இறுவட்டைத் திறந்து பார்க்காதது என் குற்றம்.

ஆகவே என் கருத்து இதுதான். பிழைச் செய்தியைக் கண்டு சினப்பதை நாம் நிறுத்த வேண்டும். மூன்று இரவுகள் என்னைத் தடுத்துத் தடுத்து நிறுத்திய இன்றைய கணினி எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஒரு தடையும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட அன்றைய கணினியே என் நான்கு ஆண்டுகளைத் தின்றது. தணிக்கைக் காலத்தில், வெட்டப்பட்ட இடத்தை வெள்ளையாகவே விட்டுச் சில பத்திரிகைகள் அச்சாகின. இங்கே ஏதோ இருந்தது என்று வாசகர் அறிந்துகொண்டார். இந்த அழிவோ அந்த அடையாளத்தைக்கூட எவரும் காணாதபடி நடந்துவிட்டது.

மடிக்கணினியில் இவ்வேலையைத் தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள். ஒருவரோ ஒரு சிறு சங்கமோ எழுத்துகளைச் சேர்த்துவைக்க எஸ்க்யூலைட் தாராளமாகப் போதும். அதில் ஒருங்குறிச் சிக்கலும் இல்லை. பெரிய தரவுத்தளம் வேண்டும் என்று நினைப்பதில் பாதி, பெருமைக்குத்தான். மைஎஸ்க்யூஎல்தான் வேண்டுமென்றால், எழுத்துக்குறிமுறை யூடிஎஃப்8எம்பி4 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்று அதில் நெடுங்காலம் வழங்கிவந்தது மூன்று பைட்டு வரை மட்டுமே கொள்ளும். வழமையான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்த முந்திரி, காணி போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட்டு வேண்டும். தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றினால் மட்டும் பழைய அட்டவணைகள் மாறிவிடா. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும். திரையில், தலையில் கோடும் கொம்பும் வைத்த உரோம எழுத்துகள் வந்தால் அஞ்ச வேண்டாம். அவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறிகள் வந்தால் மூலப் பிரதியைத் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிரம் கட்டுரைகளை ஏற்றுமுன் ஒரேயொரு தமிழ்ச் சொல்லை ஏற்றி, திரும்ப எடுத்து, கண்ணால் பாருங்கள். அந்த நாளில் அச்சுக்குப் போகுமுன் ஒப்புநோக்காமல் ஒரு பக்கத்தையும் விட்டதில்லை. கணினி வந்ததும் அந்த வழக்கத்தை ஏன் கைவிட்டோம்?

2005 முதல் 2009 வரை என் கட்டுரைகளில் எதையாவது அச்செடுத்தோ, மின்னஞ்சலில் சேமித்தோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எனக்கு அனுப்பிவையுங்கள். அவற்றை மீண்டும் என் கையாலேயே தட்டச்சுச் செய்யச் சித்தமாக இருக்கிறேன்.