தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் மாவு இடிப்பதும் தையற்காரரிடம் நடப்பதுமாகவே பொழுது போய்விடும். முறுக்கும் அதிரசமும் டின்னில் ஏறும். நள்ளிரவுப் பூசையில் அம்மாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்! யாருடைய பிறந்த நாள் என்பதே மறந்து போகிறதே, அதுதான் எனக்கு வருத்தம்.

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல், இரவுச் சாப்பாடு ஆனதும் தினம் ஒன்றாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் இரண்டு வசனம் கொடுங்கள்.

1223-ல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிரப்பிய தொட்டியும், மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். உங்கள் குடிலிலும் சொரூபம் வைக்காமல் தொட்டியைக் காலியாக விடுங்கள். பிள்ளைகள் யாருக்காவது ஓர் உதவி செய்தால், அதில் ஒரு வைக்கோல் போடட்டும். "குழந்தை இயேசு எப்பம்மா வருவாரு?" என்று நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டுமே! அந்தக் காத்திருப்புதானே திருவருகைக் காலம்?

24-ந் தேதி இரவு லூக்கா 2-ஆம் அதிகாரத்தை மறுபடி படித்து, வீட்டுக் கடைக்குட்டியின் கையால் சொரூபத்தை வையுங்கள். இதற்காகப் பலகாரத்தில் ஒரு வகை குறைந்தால் குறையட்டும், சகோதரிகளே!