தப்பு பனியன் போடுகிறவர் மேல் இல்லை

என் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, கழுத்து, கை, ஓரம், முன்பக்கம், பின்பக்கம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. நான் எழுத வந்தது லினக்ஸைப் பற்றி. ஆனால் லினக்ஸ் நிறுவப்போய் நான் பட்ட அவமானம் என்னவென்று எனக்குப் புரியவைத்தது அக்கா சொன்ன ஒரு பேச்சுதான். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கப்பட்ட திட்டம் அது. எங்கள் தெருவுக்குள் கணினி என்ற பொருள் முதன்முதலாக நுழைந்ததே அந்தத் திட்டத்தால்தான். அதில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அக்கா படித்த பள்ளியில் லினக்ஸ் பக்கத்தை ஒருநாள்கூட யாரும் திறந்து காட்டவில்லை. "அதைத் தொடாதீங்க, கெட்டுப்போயிரும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். இலவசமாகவும் சட்டப்படியும் கையில் கிடைத்த ஒன்றை, தொடக்கூடாத ஒன்றாகக் கற்றுக்கொண்டோம்.

அந்தக் கணினி என் கைக்கு வந்தபோது விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். புதிது வாங்கக் காசில்லை. பழைய கணினிக்கு லினக்ஸ் ஏற்றது என்று கேள்விப்பட்டு, நண்பனிடம் பென் டிரைவ் வாங்கி, பிரவுசிங் சென்டரில் வேறொரு லினக்ஸை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிறுவினேன். கணினி சட்டென்று திறந்தது. ஆனால் வைஃபை இல்லை. அந்த வைஃபை சில்லு வேலை செய்ய 'ஃபர்ம்வேர்' என்ற சிறு மென்பொருள் வேண்டும். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வாளி கிணற்றுக்குள் கிடக்கிறது, வாளியை எடுக்க இன்னொரு வாளி வேண்டும் என்கிற கதை.

உதவி கேட்டேன். தெரிந்த ஆங்கிலத்தில் எழுத இரண்டு இரவுகள் ஆயின. திரையை மொபைலில் படம் எடுத்து இணைத்தேன். மூன்று பதில்கள் வந்தன. இது நூறு முறை கேட்ட கேள்வி, முதலில் தேடிப் பார் என்றது ஒன்று. படம் அனுப்பாதே, இந்தக் கட்டளையை ஓட்டி வருவதை அப்படியே ஒட்டு என்றது இன்னொன்று. இணையமே இல்லாத கணினியிலிருந்து எப்படி ஒட்டுவது என்று அது சொல்லவில்லை. லினக்ஸுக்கு ஏற்ற கணினியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றது மூன்றாவது. பிறகு, ஏற்கெனவே கேட்கப்பட்டது என்று குறித்து என் கேள்வியை மூடிவிட்டார்கள். எந்தக் குழு என்பது இங்கே முக்கியமில்லை. லினக்ஸ் நிறுவிப் பார்த்த பலருக்கும் இந்த மூன்று பதில்களும் பழக்கமானவைதான்.

இரவு வேலை முடிந்து வந்த அக்கா, "ஏண்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னது இது: "எங்க கம்பெனில டேமேஜ் வந்தா எந்த மிஷினு, எந்த டைலருன்னுதான் தேடுவாங்க. பனியன் போடறவனுக்குப் போடத் தெரியலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அக்கா சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவருக்கே தெரியும். பனியனில் உள்ள ஓட்டைக்கு ஸ்டிக்கர் உண்டு. நின்று நின்று வீங்கும் காலுக்கு ஸ்டிக்கர் இல்லை. பனியன் ஓட்டையோடு போனால் பையர் திருப்பி அனுப்புவார், முதலாளிக்கு நட்டம். கால் வீங்கினால் நட்டம் அக்காவுக்கு மட்டும். ஒரு புகார் காதில் ஏறுவதும் ஏறாததும் அதன் உண்மையைப் பொறுத்தது இல்லை. சொல்கிறவர் யார், கேட்காமல் விட்டால் யாருக்கு நட்டம் என்பதைப் பொறுத்தது. நான் லினக்ஸை விட்டுவிட்டு ஓடினால் அங்கே யாருக்கும் ஒரு பைசா நட்டமில்லை. அதனால் என் புகார் காதில் ஏறவில்லை.

'முதலில் தேடு, பிறகு கேள்' என்பது எல்லோருக்கும் பொதுவான விதிதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று தோழர்கள் கேட்கலாம். திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இந்த ஊரில் தொழில் எப்படிக் கைமாறியது? நிலத்திலிருந்து வந்து, தொழிலாளிகளாக நுழைந்து, முதலாளிகளான கவுண்டர்களின் கதையை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் எழுதியிருக்கிறார். உழைத்து வந்தோம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் உழைத்த எல்லோரும் முதலாளி ஆகவில்லை. மெஷின் எங்கே மலிவு, நூல் யார் கடன் தருவார், ஆர்டர் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் பங்காளி, மாமன், மச்சான் வழியாகவே போனது. அந்தச் சொந்தம் இல்லாதவர்கள் எவ்வளவு உழைத்தாலும் மிஷின் முன்னாலேயே இருந்தார்கள்.

கணினி அறிவும் அப்படித்தான் கைமாறுகிறது. லினக்ஸ் நிறுவிச் சிக்கிக்கொண்ட எல்லோரும் பொதுவில் வந்து கேட்பதில்லை. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் சித்தப்பா ஒரு போனில் தீர்த்துவிடுவார். கல்லூரி விடுதியில் பக்கத்து அறை சீனியர் தீர்த்துவிடுவார். அவர்களுடைய முட்டாள்தனமான கேள்விகளை யாரும் பார்ப்பதில்லை. அவை வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே மறக்கப்படுகின்றன. பொதுவில் வந்து கேட்பவர் அப்படிக் கேட்க யாரும் இல்லாதவர். அவர் கேள்வியைக் கேலி செய்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, சொந்தக்காரர் உள்ளவனுக்கு ஒரு வாசலும் இல்லாதவனுக்கு ஒரு பூட்டும் வைக்கிறார். பிறகு உள்ளே இருப்பவர்களைப் பார்த்து இவர்கள்தான் தகுதியானவர்கள் என்கிறோம். தகுதி என்ற சொல் நம் ஊரில் எப்படித் தயாராகிறது என்பது நமக்குப் புதிதில்லையே.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. கேள்வியைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்ட் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் புதியவர்கள் முகத்தில் அது நீட்டப்படுகிறது. அதில் நல்ல அறிவுரைகள் உண்டு. ஆனால் கேட்பவர் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அதன் தொனி. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பல ஆண்டுகள் சக நிரலாளர்களைத் திட்டித் தீர்த்தவர். 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். அந்த மாதமே லினக்ஸ் கரு உருவாக்கத்துக்கு ஒரு நடத்தை விதியும் வந்தது. திட்டினால்தான் தரம் வரும் என்பது இயற்கை விதி இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, முகம் தெரியாதவருக்கு உதவுகிறவர்கள். 'லினக்ஸ் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அக்காகூட 'பனியன் சரியில்லை' என்று எழுதுவதில்லை. எந்த இடம் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார், என்ன குறை என்று சொல்கிறார். அதுபோல நாமும் நான்கு விஷயங்கள் சொன்னால் போதும்: எந்தக் கணினி, எந்த லினக்ஸ், எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன எழுதியிருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்டிக்கர் ஒட்ட அக்காவுக்குக் கம்பெனி சொல்லிக்கொடுத்தது. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கடைசியில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தமிழில் கட்டற்ற மென்பொருள் வேலை செய்யும் நண்பர்கள் வழியாகக் கிடைத்த ஒரு அண்ணன். போனில் நாற்பது நிமிடம் பேசினார். "மொபைல யுஎஸ்பி வயர்ல கணினியோட சேருங்க தம்பி. மொபைல் செட்டிங்ஸ்ல யுஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. வைஃபை இல்லாமயே நெட் வரும். அதுல ஃபர்ம்வேரை இறக்கிக்கலாம்." அவ்வளவுதான். வாளி என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அந்த அண்ணன் என்னை முட்டாள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

புகார் சொல்வது வீண் இல்லை என்பதற்கு என்னுடைய அதே சிக்கல்தான் சாட்சி. டெபியன் என்ற லினக்ஸ் 1993இல் தொடங்கியது. நம் பாஸ் லினக்ஸும் அதன் மேல் கட்டப்பட்டதுதான். மூல நிரலைத் தராத ஃபர்ம்வேரை டெபியன் முன்பு தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. கட்டற்ற மென்பொருள் கொள்கைக்காக எடுத்த முடிவு அது. கொள்கை சரி. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது யார்? நிரலைப் பூட்டி வைத்த சில்லு நிறுவனம் கொடுக்கவில்லை. வைஃபை இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புதியவர்கள் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் புகார்கள் குவிந்த பிறகு, 2022இல் டெபியன் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேர் நிறுவியிலேயே வருகிறது. நூறு முறை கேட்ட கேள்வி என்று என்னிடம் சொன்னார்களே, அந்த நூறு பேரும் கேட்டதால்தான் விதி மாறியது. ஒரே கேள்வி நூறு முறை வருகிறதென்றால் நூறு பேர் முட்டாள்கள் என்று பொருளா? ஒரே மிஷின் நூறு பனியனில் ஓட்டை போடுகிறது என்று பொருள்.

இதை நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது டெபியன் இல்லை. பெரியார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்பு தனித்தனி வடிவங்கள் இருந்தன. படிக்கத் தொடங்கும் குழந்தை ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அச்சகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். குழந்தை திணறினால், படிப்பு ஏறவில்லை என்று குழந்தையைச் சொன்னது பழைய ஊர். எழுத்தைத் திருத்து என்றார் பெரியார். 1935இல் குடிஅரசு இதழிலேயே செய்து காட்டினார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த எழுத்தில்தான். கற்பவர் தடுக்கி விழுந்தால் பாதையைச் சரிசெய்ய வேண்டும் என்ற பார்வை நம் இயக்கத்தின் சொத்து. லினக்ஸ் விஷயத்தில் மட்டும் அதை ஏன் வாசலில் கழற்றி வைக்க வேண்டும்?

இது இப்போது அவசரமான கேள்வியும்கூட. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுவாக நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. பழைய கணினியையே நம்பி இருக்கும் வீடுகளுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் புதிது வாங்குவது செலவு, திருட்டு விண்டோஸ் ஆபத்து, மீதி இருப்பது லினக்ஸ். டேலி அதில் நேரடியாக ஓடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கருவியைக் கொடுத்துவிட்டு, 'தொடாதே, கெட்டுப்போயிரும்' என்று மறுபடியும் சொல்லப் போகிறோமா?

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. மடிக்கணினி கொடுக்கும்போதே, சிக்கல் வந்தால் தமிழில் பேசிக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும், நூலகத்தில் வாரம் ஒரு மாலையும் கொடுங்கள். நம்மிடம் கேட்கவும் ஒன்று உண்டு. கணியம் குழுவினர் 2012 முதல் தமிழில் எழுதி வருகிறார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களோடு வேலை செய்கிறது. நம் படிப்பகங்களிலும் இதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம், இரண்டு பழைய மடிக்கணினி, நிறுவத் தெரிந்த ஒரு தோழர் போதும். ஒரே ஒரு விதி: எந்தக் கேள்விக்கும் 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லக்கூடாது.

அக்காவின் அந்த மடிக்கணினி இப்போது நன்றாக ஓடுகிறது. அதன் மூடியில் அக்கா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேன், குறை இருக்கும் இடத்தைக் காட்டும் ஸ்டிக்கர். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி அவனுடைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்" என்றுதான் பேச்சைத் தொடங்கினான். நீ தப்பு பண்ணலை, உட்காரு, திரையில் என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலாம் என்றேன்.